குழு சைக்கிள் பயணத்தில் மூன்றாம் நாள் உடம்பு ஒத்துழைக்காதபோது

ஒரு வாரக் குழு சைக்கிள் பயணம். முதல் இரண்டு நாள் நன்றாகப் போகிறது. மூன்றாம் நாள் மதியத்துக்கு மேல் கால் ஓடமாட்டேன் என்கிறது. மற்றவர்கள் முன்னே போய்விடுகிறார்கள், அவர்களைக் காக்கவைக்கக் கூச்சமாக இருக்கிறது. இந்த நிலையில் எப்படித் தாக்குப்பிடித்து ஓட்டுவது என்பதுதான் கேள்வி.

மனஉறுதிக்கு இதில் பங்கு உண்டு, ஆனால் அது கடைசியில் வருகிறது. நீண்ட தூரத்தில் உடம்பு "முடியவில்லை" என்று சொல்வதற்குப் பல காரணங்கள் இருக்கின்றன. சிலவற்றை இருபது நிமிடத்தில் சரிசெய்துவிடலாம். சிலவற்றோடு வேகத்தைக் குறைத்து ஓட்டிக்கொண்டே போகலாம். ஒன்றிரண்டில் அந்த இடத்திலேயே இறங்கிவிட வேண்டும். எது என்று பார்க்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு மிதிப்பவரால்தான் மாலையில் குழு முழுவதும் நிற்க வேண்டி வருகிறது.

முதலில் வண்டியைப் பாருங்கள், ஒரு நிமிட வேலை. பின்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டால் தடையில்லாமல் பல சுற்று ஓட வேண்டும். பிரேக் கட்டை உரசினால் காதுக்கே கேட்கும். டயரை விரலால் அழுத்திப் பாருங்கள். மெதுவாகக் காற்று இறங்கும் பஞ்சரை ஓட்டுபவர் பெரும்பாலும் கால் சோர்வு என்றே நினைத்துக்கொள்கிறார். சீட் கம்பி தானாக உள்ளே இறங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். அரை அங்குலம் இறங்கினாலே தொடையும் முழங்கால் முன்பக்கமும் சீக்கிரம் களைத்துவிடும். கிளம்பும் முன்பே கம்பியில் ஒரு சுற்று டேப் ஒட்டி உயரத்தைக் குறித்து வைத்தால் இறங்கியது உடனே தெரியும்.

வண்டி சரியாக இருந்தால் அடுத்த சந்தேகம் சாப்பாடு. தசைகளில் சுமார் 400 முதல் 500 கிராம், கல்லீரலில் சுமார் 100 கிராம் என்று உடம்பு மாவுச்சத்தைக் கிளைகோஜனாகச் சேர்த்து வைத்திருக்கிறது. மொத்தம் ஏறக்குறைய 2000 கலோரி. மிதமான வேகத்தில் ஓட்டுபவர் மணிக்கு 400 முதல் 600 கலோரி வரை செலவழிக்கிறார். அதில் ஒரு பங்கைக் கொழுப்பு தருகிறது. மீதி இந்தச் சேமிப்பிலிருந்துதான் போக வேண்டும். வேகம் கூடக்கூடக் கொழுப்பின் பங்கு குறைந்து கிளைகோஜன் வேகமாகத் தீர்கிறது. அது தீரும்போது வரும் சோர்வுக்கு ஓர் அடையாளம் உண்டு: அது திடீரென்று வரும். பத்து நிமிடத்துக்கு முன் சரியாக இருந்தவருக்குக் கை நடுங்கும், குளிர்ந்த வியர்வை வரும், காரணமில்லாமல் எரிச்சல் வரும், இனிப்பின் மேல் கடுமையான ஆசை வரும், எளிய கணக்குகூட ஓடாது. தசைக் களைப்பு அப்படித் திடீரென்று வருவதில்லை, மணிக்கணக்கில் மெல்ல ஏறும்.

இந்த நிலையில் முதல் வேலை, சீக்கிரம் இரத்தத்தில் சேரும் சர்க்கரை 30 முதல் 40 கிராம். இரண்டு வாழைப்பழத்தில் சுமார் 50 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. மூன்று மேசைக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்தால் 36 கிராம். சாப்பிட்டுவிட்டு 15, 20 நிமிடம் உட்காருங்கள், அல்லது மிக லேசான கியரில் உருட்டுங்கள். தலை தெளிந்ததும் ரொட்டியோ சோறோ திடமான உணவு ஏதாவது. பலர் தவறுவது இதற்கு அடுத்த கட்டத்தில்: தெளிவு வந்ததும் விட்ட நேரத்தைப் பிடிக்கப் பழைய வேகத்துக்கே போகிறார்கள், உள்ளே போன 40 கிராமும் சீக்கிரம் கரைகிறது, ஒரு மணி நேரத்தில் மறுபடி அதே நிலை. அந்த நாள் முழுவதும் வேகத்தை ஒரு படி கீழேயே வைத்திருக்க வேண்டும்.

இப்படி ஆகாமலிருக்க, ஓட்டத் தொடங்கிய முதல் மணி நேரத்திலிருந்தே மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து போய்க்கொண்டிருக்க வேண்டும். ஒரே தவணையாக இல்லாமல் இருபது, முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக. குடலால் குளுக்கோஸை மணிக்குச் சுமார் 60 கிராம்தான் உள்ளே இழுக்க முடியும். ஃப்ரக்டோஸ் என்ற பழச்சர்க்கரை வேறு வாசல் வழியாகப் போவதால் இரண்டையும் கலந்து எடுத்தால் 90 கிராம் வரை போகலாம். சாதாரணச் சர்க்கரையில் இரண்டும் பாதிக்குப் பாதி இருக்கின்றன. ஆனால் 90 கிராமைப் பயணத்தின்போது முதன்முதலாக முயன்றால் வயிறு உப்பிக் குமட்டும். சில வாரங்கள் பயிற்சி ஓட்டங்களில் குடலைப் பழக்கியிருக்க வேண்டும்.

குழுவில் ஓட்டும்போது சாப்பாடு தவறுவதற்குத் தனிக் காரணம் ஒன்று இருக்கிறது. முன்னால் போகிறவரின் பின்சக்கரத்துக்கு அரை மீட்டர் பின்னால் ஓட்டும்போது ஹேண்டில்பாரிலிருந்து கையை எடுக்க யாருக்கும் துணிவு வராது. சட்டைப் பையில் உணவு இருக்கும், இரண்டு மணி நேரம் அங்கேயே இருக்கும். களைத்தவருக்குக் கை எடுக்க இன்னும் பயம், எனவே அவர்தான் எல்லோரையும்விடக் குறைவாகச் சாப்பிடுகிறார். இதைத் தனியாளாகச் சரிசெய்ய முடியாது. முன்னால் ஓட்டுபவர் அரை மணிக்கு ஒருமுறை, சமதளமான நேர் சாலையில், "சாப்பாடு" என்று குரல் கொடுத்து வேகத்தைக் குறைக்க வேண்டும். எல்லோரும் இரண்டு மூன்று மீட்டர் இடைவெளி விட்டுக்கொண்டு ஒரு கையால் சாப்பிடலாம். பொட்டலங்களைக் காலையிலேயே பாதி பிரித்து வைப்பது இதற்குப் பெரிய உதவி.

அப்படியென்றால் ஏன் மூன்றாம் நாள்? தீர்ந்த கிளைகோஜன் நிரம்ப ஏறக்குறைய ஒரு நாள் ஆகும், அதுவும் போதுமான அளவு சாப்பிட்டால். தினமும் நான்கைந்து மணி நேரம் ஓட்டுபவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 8 முதல் 10 கிராம் மாவுச்சத்து தேவை; 60 கிலோ எடையுள்ளவருக்கு 480 முதல் 600 கிராம். இது வழக்கமான மூன்று வேளைச் சாப்பாட்டில் வராது. முதல் நாள் ஏற்பட்ட பற்றாக்குறை இரண்டாம் நாளும் சேர்ந்து மூன்றாம் நாள் மதியம் தெரிகிறது.

ஓட்டம் முடிந்த பின் வரும் முதல் இரண்டு மணி நேரத்தில் தசை சர்க்கரையை வேகமாக உறிஞ்சுகிறது. அந்த நேரம்தான் பெரும்பாலும் வீணாகிறது. தங்குமிடம் வந்ததும் குளியல், துணி துவைப்பு, செயின் துடைப்பு, வீட்டுக்கு போன், பிறகு எல்லோரும் சேர்ந்து எங்கே சாப்பிடலாம் என்ற பேச்சு. தட்டு முன்னால் வரும்போது மூன்று மணி நேரம் ஓடியிருக்கும். இதற்கு எளிய வழி, 60 கிராம் மாவுச்சத்தும் 20 கிராம் புரதமும் கொண்ட ஒரு பொட்டலத்தைக் காலையிலேயே பையின் மேலே வைத்துக்கொண்டு, இறங்கியதும் மற்ற எதையும் தொடாமல் அதை முடிப்பது. பசியில்லை என்றாலும் குடிக்கும் வடிவத்தில் இறங்கும்.

தண்ணீருக்குப் பொதுவான ஓர் எண் சொல்வது கடினம். வியர்வை மணிக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை ஆளுக்கு ஆள் மாறும். உங்கள் அளவைக் கண்டுபிடிக்க, பயணத்துக்கு முன் ஒரு நாள் ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள்: குறைந்த ஒவ்வொரு கிலோவும் சுமார் ஒரு லிட்டர், அதோடு நடுவில் குடித்ததைக் கூட்டிக்கொள்ளுங்கள். உடல் எடையில் 2 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் பலருக்கும் ஓட்டம் தளர்ந்துவிடும். ஒரே வேகத்தில் போகும்போதே இதயத்துடிப்பு மெல்ல மெல்ல ஏறிக்கொண்டிருந்தால் நீர் குறைகிறது, அல்லது வெப்பம் ஏறுகிறது என்று பொருள்.

வெயிலில் இரண்டு பாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் வெறும் தண்ணீர். குடிக்கவும் பிடரியிலும் தலையிலும் ஊற்றவும் அது. இன்னொன்றில் கலவை: ஒரு லிட்டருக்கு 60 கிராம் சர்க்கரை, அதாவது தலைதட்டிய ஐந்து மேசைக்கரண்டி, உப்பு கால் தேக்கரண்டி, அரை எலுமிச்சைச் சாறு. கால் தேக்கரண்டி உப்பில் சுமார் 600 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. சட்டையில் வெள்ளையாக உப்புப் படிபவர்கள் இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். சர்க்கரையை இரட்டிப்பாக்க வேண்டாம். கலவை கெட்டியானால் வயிற்றிலேயே தங்கிக் குமட்டலைத் தரும்.

எதிர்த்திசை ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். களைத்தவரைப் பார்த்ததும் எல்லோரும் "தண்ணி குடி, தண்ணி குடி" என்று ஊற்றுகிறார்கள். வியர்ப்பதைவிட அதிகமாக வெறும் தண்ணீர் குடித்தால் இரத்தத்தில் சோடியம் இறங்குகிறது. தலைவலி, வாந்தி, மோதிரமும் கைக்கடிகாரப் பட்டையும் இறுகுமளவு வீக்கம், பிறகு குழப்பம். நீர்ச்சத்துக் குறைவிலும் தலைவலியும் குமட்டலும் வரும், ஆனால் வாய் உலர்ந்து சிறுநீர் அடர் நிறத்தில் இருக்கும். மணிக்கணக்கில் நிறையக் குடித்திருக்கிறார், விரல்கள் வீங்கியிருக்கின்றன, பேச்சு குழறுகிறது என்றால் மேலும் தண்ணீர் கொடுக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

இனி வேகமும் வரிசையும். குழுவின் பலம் முழுவதும் இங்கேதான் இருக்கிறது. காற்றைக் கிழிக்கத் தேவைப்படும் சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக (வேகம் × வேகம் × வேகம்) ஏறுகிறது. 20 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 25க்குப் போனால் காற்றுக்கு மட்டும் ஏறக்குறைய இரண்டு மடங்கு சக்தி வேண்டும். ஆகவே களைத்தவருக்காகக் குழு இரண்டு மூன்று கிலோமீட்டர் வேகத்தைக் குறைத்தாலே அவருக்குப் பெரிய விடுதலை. மாலையில் போய்ச் சேரும் நேரம் அதிகம் மாறாது. ஒருவருக்குப் பின்னால் ஒட்டி ஓட்டுபவர் சமதளத்தில் கால் பங்குக்கு மேல் சக்தியை மிச்சப்படுத்துகிறார், எதிர்காற்றில் இன்னும் அதிகம்.

களைத்தவர் தானாகவே வரிசையின் கடைசிக்குப் போய்விடுவார். அது அவருக்கு மிக மோசமான இடம். ஒவ்வொரு வளைவிலும், வேகத்தடையிலும், சாலைச் சந்திப்பிலும் வரிசை சுருங்கி விரிகிறது. முதலில் இருப்பவர் ஒரே சீராக மிதிக்கிறார். கடைசியில் இருப்பவர் ஒவ்வொரு முறையும் பிரேக் பிடித்து, பிறகு பாய்ந்து இடைவெளியை மூட வேண்டியிருக்கிறது. ஒரு நாளில் இப்படி நூறு சிறு பாய்ச்சல்கள் சேர்ந்துதான் அவர் கதையை முடிக்கின்றன. ஆகவே திடமான இருவர் முன்னால் மாறிமாறிக் காற்றை எதிர்கொள்ளட்டும். களைத்தவர் அவர்களுக்கு நேர் பின்னால், இரண்டாவது மூன்றாவது இடத்தில் நிலையாக இருக்கட்டும். முன்னால் போகும் முறை அவருக்கு வேண்டாம். கடைசி இடத்தில் இன்னொரு திடமானவர் இருந்து எல்லோரையும் பார்த்துக்கொண்டு வரட்டும். புதிதாக முன்னால் வருபவர் தன் பலத்தைக் காட்ட வேகத்தைக் கூட்டக் கூடாது. முன்பிருந்தவர் போன அதே வேகத்தில் போக வேண்டும்.

களைத்தவருக்கு முன்சக்கர இடைவெளி ஒரு மீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். காற்று மறைப்பு கொஞ்சம் குறையும், பரவாயில்லை. சோர்வில் பிரேக் பிடிக்கும் கை தாமதமாகிறது. முன்னவரின் பின்சக்கரத்தை உங்கள் முன்சக்கரம் பக்கவாட்டில் தொட்டால் பெரும்பாலும் விழுவது நீங்கள், உங்கள் மேல் விழுவது உங்களுக்குப் பின்னால் வருபவர்.

ஏற்றத்தில் கதை வேறு. செங்குத்தான ஏற்றத்தில் எல்லோரும் 8, 10 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது பின்னால் ஒட்டுவதில் பயனே இல்லை. அங்கே சேர்ந்து போக முயல்வது மெதுவானவருக்குத் தண்டனை. அவரவர் வேகத்தில் ஏறி உச்சியில் சந்திக்கலாம், மெதுவானவர் பத்து நிமிடம் முன்பே கிளம்பட்டும். வாக்கியம் முழுவதையும் மூச்சு வாங்காமல் சொல்ல முடிகிற வேகம்தான் அவருக்கான உச்ச வேகம். சுமையோடு போகிறவர்களுக்கு முன் பற்சக்கரமும் பின் பற்சக்கரமும் ஒரே எண்ணிக்கை என்பதைவிடக் கீழான கியர் வேண்டும். முன்னால் 30 பல், பின்னால் 36 என்பது நல்ல அளவு. நிமிடத்துக்கு 80, 90 சுற்று மிதிப்பவர் களைத்த பின் 70க்கு இறங்கலாம், 60க்குக் கீழே போனால் முழங்கால் விலை கொடுக்கும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு கியர் கூட்டி எழுந்து நின்று பதினைந்து மிதி மிதித்தால் உட்காரும் இடமும் இடுப்பும் இளகும்.

களைத்தவரின் பையை வாங்கிக்கொள்வது நல்ல மனது, ஆனால் நினைக்கும் அளவுக்குப் பலன் தராது. ஆளும் வண்டியும் சேர்ந்து 90 கிலோ என்றால் 3 கிலோ குறைப்பது ஒரு மணி நேர ஏற்றத்தில் இரண்டு நிமிடத்தை மிச்சப்படுத்தும். வரிசையில் சரியான இடமும் அரை மணிக்கொரு வாய் உணவும் அதைவிட எத்தனையோ பங்கு பயன் தரும்.

உச்சியில் காத்திருக்கும் முறையையும் மாற்றுங்கள். முதலில் வந்தவர் இருபது நிமிடம் ஓய்வெடுக்கிறார். கடைசி ஆள் தலை தெரிந்ததும் "வந்துட்டாங்க, கிளம்பலாம்" என்று எல்லோரும் சீட்டில் ஏறுகிறார்கள். அதிகம் ஓய்வு தேவைப்பட்டவருக்கு ஓய்வே கிடையாது. கடைசி ஆள் வந்து சேர்ந்த நிமிடத்திலிருந்து பத்து நிமிடம் என்று கணக்கு வையுங்கள். ஆனால் முப்பது நிமிடத்துக்கு மேல் எங்கும் உட்கார வேண்டாம், உணவு வேளையைத் தவிர. உடம்பு குளிர்ந்து தசை இறுகினால் மறுபடி கிளம்புவதே பெரும்பாடு.

தூக்கக் கலக்கம் தனி வகை. இதைத் தள்ளிக்கொண்டு ஓட்டக் கூடாது. 25 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு 7 மீட்டர் போகிறீர்கள். மூன்று நொடி கண் செருகினால் 21 மீட்டர் யாரும் ஓட்டாத வண்டி. கடைசி சில நூறு மீட்டர் சாலை நினைவில் இல்லை, இமை கனக்கிறது, கோட்டை விட்டு விலகுகிறீர்கள் என்றால் நிறுத்திவிடுங்கள். ஒரு கோப்பை காபி குடித்துவிட்டு இருபது நிமிடம் படுத்தால், எழும் நேரத்தில் காஃபின் வேலை செய்யத் தொடங்கியிருக்கும். 1200 கிலோமீட்டரை 90 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டிய பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் என்ற பிரெஞ்சு நெடுந்தூரச் சைக்கிள் ஓட்டத்திலேயே ஆட்கள் சாலையோரம் படுத்து எழுந்துதான் போகிறார்கள். காஃபின் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆவதால் மாலைக் காபி இரவுத் தூக்கத்தைத் தின்னும். அதன் விலையை அடுத்த நாள்தான் கொடுப்பீர்கள்.

வலியைப் பிரித்தறிய ஒரு நல்ல வழி, இரண்டு பக்கத்தையும் ஒப்பிடுவது. இரு தொடையிலும் சமமாக, மந்தமாக எரிந்தால் அதோடு ஓட்டலாம். ஒரே பக்கம், விரல் வைத்துக் காட்டக்கூடிய ஒரே புள்ளியில், கிலோமீட்டர் ஏற ஏறக் கூடும் வலி என்றால் காயம். முழங்கால் முன்பக்கம் வலித்தால் சீட்டை 3 முதல் 5 மில்லிமீட்டர் உயர்த்துங்கள், கியரையும் இலேசாக்குங்கள். பின்பக்கம் வலித்தால் அதே அளவு தாழ்த்துங்கள். சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போவது உள்ளங்கை நரம்பின் மேல் எடை அழுத்துவதால்; பிடிக்கும் இடத்தை அடிக்கடி மாற்றுங்கள். வலியை மறைத்து ஓட்ட இபுப்ரோஃபென் போன்ற மாத்திரைகளைப் போடாதீர்கள். நீர் வற்றிய உடம்பில் அவை சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும்.

உடனே நிறுத்த வேண்டியவை: நெஞ்சு வலி, மயக்கம், வெயிலில் குளிர் நடுக்கம், குடித்த தண்ணீர் தங்காத வாந்தி, கோலா நிறச் சிறுநீர். வெயிலில் ஒருவர் உளறினாலோ, நேராக ஓட்ட முடியாமல் தள்ளாடினாலோ, வியர்த்துக்கொண்டிருந்தாலும் அது வெப்பத் தாக்காக இருக்கலாம். நிழலில் படுக்க வைத்து உடம்பு முழுவதும் குளிர்ந்த தண்ணீரை ஊற்றி விசிறுங்கள், ஒருவர் ஆம்புலன்ஸை அழைக்கட்டும். குளிர்விப்பதை வண்டி வரும்வரை தள்ளிப்போடக் கூடாது.

கூச்சத்தைப் பற்றியும் கேள்வி இருந்தது. அதுதான் இதில் அதிகம் கெடுதல் செய்கிறது. கொஞ்சம் களைப்பாக இருக்கும்போதே சொன்னால் குழு பத்து நிமிடம் இழக்கும். விழுந்த பிறகு சொன்னால் அன்றைய நாளை இழக்கும். சொல்லும்போது "களைப்பா இருக்கு" என்பதைவிட, "அடுத்த பத்து கிலோமீட்டர் 18ல போகலாமா" என்று தேவையைச் சொல்லுங்கள். கேட்பவருக்கும் என்ன செய்வது என்று தெரியும். குழுவை நடத்துபவர் "எல்லாம் ஓகேவா" என்று கேட்டால் எல்லோரும் ஓகே என்றுதான் சொல்வார்கள். "கடைசியா எப்போ சாப்பிட்டீங்க, பாட்டில்ல எவ்வளவு இருக்கு" என்று கேட்டு, பாட்டிலைக் கண்ணாலும் பார்க்க வேண்டும். பேசிக்கொண்டு வந்தவர் அமைதியாவது, தலை தொங்குவது, முழங்கை விறைப்பது, ஏற்றம் தொடங்கிய பிறகு தாமதமாகக் கியர் மாற்றுவது, குழி என்று கை காட்ட மறப்பது: அவர் வாய் திறக்கும் முன்பே இவை சொல்லிவிடும்.

நீண்ட தூரச் சைக்கிள் ஓட்டத்தைப் பரப்பிய பிரெஞ்சுக்காரர் பால் டி விவி (1853–1930), பசியும் தூக்கமும் கெடும் அளவுக்குக் களைக்காதீர்கள் என்று விதி வகுத்திருந்தார். அந்த இரண்டு அறிகுறிகளும் இன்றும் அப்படியே பொருந்தும். பயணத்துக்கு முந்தைய வாரம், காலையில் எழுந்ததும் படுக்கையிலேயே நாடித்துடிப்பை எண்ணிக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பயணத்தில் ஒரு காலை அது 7, 10 துடிப்பு அதிகமாக இருந்து, தூக்கமும் சரியில்லை, காலை உணவும் இறங்கவில்லை என்றால் அன்று பாதி நாள் வாகனத்தில் போங்கள், அல்லது குறுக்கு வழியில் போங்கள். துடிப்பு மட்டும் ஏறியிருந்தால் முதல் மணி நேரத்தை மிக லேசாக ஓட்டிப் பாருங்கள். பலருக்குக் கால் அதற்குள் இளகிவிடும். இளகாமல், எவ்வளவு அழுத்தி மிதித்தாலும் இதயத்துடிப்பும் மேலே ஏற மறுத்தால் அது பல நாள் சேர்ந்த களைப்பு. அந்த நாளில் அதை வெல்ல முடியாது. எங்கே ஓட்டத்தை முடித்துக்கொண்டு ரயிலோ பேருந்தோ பிடிக்கலாம் என்ற இரண்டு இடங்களை முந்தைய மாலையே எல்லோரும் சேர்ந்து வரைபடத்தில் குறித்துவிடுங்கள். களைத்த தலையோடு நடுச்சாலையில் நின்று அதைத் தேட வேண்டியிருக்காது.